பேக்பிளேட், விங் அமைப்புக்கு மாறுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முக்குளிக்கும்போது மிதப்பைக் கட்டுப்படுத்த அணியும் ஜாக்கெட்டை வாடகைக்கு எடுத்து முப்பது நாற்பது முறை கடலுக்குள் இறங்கிய பிறகு, அதற்குப் பதிலாகப் பேக்பிளேட், விங் அமைப்பைச் சொந்தமாக வாங்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். அந்தமான், புதுச்சேரி, திருகோணமலை போன்ற வெதுவெதுப்பான கடல்களில், ஒற்றைச் சிலிண்டருடன், 40 மீட்டர் என்ற பொழுதுபோக்கு வரம்புக்குள் முக்குளிப்பவர்களை மனத்தில் வைத்தே எண்களைக் கொடுத்துள்ளேன். குளிர்நீருக்கான டிரைசூட் அணிபவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தமாட்டா.

இது ஜாக்கெட்டிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது?

ஜாக்கெட் வகை பி.சி.டி.யில் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் கருவி) காற்றுப் பை, தோள் வார், மெத்தை, மூழ்க உதவும் ஈயம் வைக்கும் பை ஆகிய எல்லாம் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கும். காற்றை நிரப்பினால் அது விலாவையும் சேர்த்து நெருக்கும். பேக்பிளேட் அமைப்பில் மூன்று தனிப் பொருள்கள் உள்ளன. முதலாவது முதுகோடு ஒட்டி நிற்கும் உலோகத் தகடு. இரண்டாவது அந்தத் தகட்டின் துளைகளில் கோத்து வரும், 5 செ.மீ. அகலமுள்ள ஒரே நைலான் வாராலான ஹார்னஸ். இடுப்பில் ஒரே ஒரு பக்கிளும் கால்களுக்கிடையே வரும் கிராட்ச் ஸ்டிராப்பும் இதில் அடங்கும். மூன்றாவது, தகட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே செருகப்படும் காற்றுப் பையாகிய விங். காற்று முழுவதும் முதுகுப் பக்கத்திலேயே இருப்பதால் மார்பும் வயிறும் திறந்தே இருக்கும். ஒரு பொருள் கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், நன்றாகப் பேணப்பட்ட தகடு ஒன்று அதன் உரிமையாளரின் முக்குளிப்புக் காலம் முழுவதும் உழைக்கும்.

குகைக்குள் செல்பவர்களுக்கான கருவி அல்லவா இது?

பிறந்தது அங்கேதான். அமெரிக்காவின் வட ஃபுளோரிடாவில் நீரடிக் குகைகளை ஆராய்ந்தவர்களுக்காக 1979-இல் கிரெக் ஃபிளானகன் உலோகத் தகட்டை வடிவமைத்தார். அதே வட்டாரத்தின் பில் ஹோகார்த் மெயின் அதை மேலும் செப்பனிட்டுப் பரப்பினார். தேவையற்ற எதுவும் உடலில் தொங்கக் கூடாது என்ற அவருடைய முறை இன்றும் அவர் பெயராலேயே ஹோகார்த்தியன் என வழங்குகிறது. 1990-களில் அங்குள்ள வக்குல்லா என்ற ஊற்றின் நீரடிக் குகையை ஆராய்ந்த குழுவினர் அதை ஓர் ஒழுங்குமுறையாகவே ஆக்கினர். அக்குழுவைச் சேர்ந்த ஜாரட் ஜப்லோன்ஸ்கி 1998-இல் தொடங்கிய ஜி.யு.இ. (குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்புளோரர்ஸ்) என்ற முக்குளிப்பு அமைப்பு அதைப் பயிற்சியாக உலகமெங்கும் கொண்டு சென்றது.

ஆனால் குகைக்காரர்களுக்கு அதை விரும்பத்தக்கதாக்கிய காரணங்கள், அதாவது உடல் கிடைமட்டமாக நிற்பதும் நீரில் இழுவை குறைவதும் பாகங்கள் எளிமையாக இருப்பதும், பவளப்பாறைக்கு மேலே மிதப்பவருக்கும் அதே அளவு பயன்படும். கருவியோடு சேர்த்துக் குகைக்காரர்களின் கண்டிப்பையும் வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

மாறினால் என் டிரிம், அதாவது நீருக்குள் உடல் கிடைமட்டமாக நிற்கும் நிலை, தானாகவே சரியாகிவிடுமா?

ஆகாது. கால் தொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இடுப்பில் கட்டிய அளவுக்கு மீறிய ஈயம். அந்த ஈயத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஜாக்கெட்டை மட்டும் கழற்றிப் போட்டால் கால் தொடர்ந்து தொங்கும். தகடு செய்யும் உண்மையான உதவி ஒன்று உண்டு: நம் உடலில் மிக அதிகமாக மிதக்கும் பகுதி நுரையீரல் இருக்கும் மார்பு, அதன்மேல் நேராகக் கனத்தை வைப்பதால் தலைக்கும் காலுக்கும் இடையிலான சமநிலை எளிதாகிறது. அதற்குரிய பங்கை ஈயத்திலிருந்து கழித்தால்தான் அந்த உதவி கிடைக்கும்.

அப்படியானால் ஈயத்தை எவ்வளவு குறைக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். எதையும் வாங்குவதற்கு முன்பே தாளில் போட வேண்டிய கணக்கு இது.

3 மி.மீ. தடிமனுள்ள முழு வெட்சூட்டும் (நீரில் உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரும் கொண்டு, ஜாக்கெட்டில் 6 கிலோ ஈயத்துடன் சரியாக மூழ்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மெத்தையும் துணியும் நிறைந்த ஜாக்கெட் தானே சிறிது மிதக்கும், அதை 0.7 கிலோ என்று வைத்தால், அந்த 6 கிலோவில் 0.7 கிலோ ஜாக்கெட்டைக் கீழே அழுத்துவதற்கே செலவாகிறது. எனவே உடலுக்கும் சூட்டுக்கும் சிலிண்டருக்கும் உண்மையில் வேண்டியது 5.3 கிலோ. துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஒன்று தரையில் சுமார் 2.7 கிலோ இருக்கும். தான் விலக்கும் கடல்நீரின் எடையைக் கழித்தால் நீருக்குள் சுமார் 2.35 கிலோ. 5.3-இலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 3 கிலோ. அதாவது பாதி ஈயம் போதும். சிலிண்டரைத் தாங்கும் எஃகு அடாப்டர் தனியாக இருந்தால் அதன் எடையையும் கழிக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதை என் முதல் நாளிலேயே கற்றுக்கொண்டேன். பழைய பழக்கத்தில் அதே 6 கிலோவைக் கட்டிக்கொண்டு இறங்கி, 14 மீட்டரில் மணலில் முழங்காலிட்டு, விங்கைப் பலூன் போல ஊதிக்கொண்டு, இந்தக் கருவியைப் புகழ்ந்தவர்களையெல்லாம் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்று கிலோ மிகை ஈயத்தைத் தாங்க விங்கில் மூன்று லிட்டர் மிகைக் காற்று வேண்டும். 20 மீட்டரில் அந்த மூன்று லிட்டர், 10 மீட்டருக்கு ஏறும்போது நாலரை லிட்டராக விரியும். நாம் கேட்காமலேயே ஒன்றரைக் கிலோ தூக்குவிசை கூடுதலாக வந்து நம்மை மேலே இழுக்கும். மிதப்பு நிலையாக இல்லை என்று வருந்துபவர்களில் பலருக்குத் திறமை குறைவில்லை, ஈயம் மிகை.

தாளில் வந்த விடையை நீரில் சோதித்துப் பார்க்க வேண்டும். முக்குளிப்பின் இறுதியில், சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மட்டும் இருக்கும்போது, 5 மீட்டர் நிறுத்தத்தில் விங்கை முழுவதும் காலி செய்துவிட்டு, இயல்பாக மூச்சு விட்டபடி அந்த ஆழத்திலேயே நிற்க முடிந்தால் ஈயம் சரி. தொடக்கத்தில் சோதித்தால் ஏமாந்துவிடுவீர்கள். நிறைந்த சிலிண்டரில் காற்று மட்டுமே சுமார் 2.6 கிலோ எடையுள்ளது, அது தீரத் தீர நீங்கள் இலேசாகிக்கொண்டே போவீர்கள்.

எஃகுத் தகடா, அலுமினியத் தகடா?

மேற்கண்ட கணக்கே இதற்கும் விடை சொல்லும். வெட்சூட் இல்லாமல் மெல்லிய உடையில், ஜாக்கெட்டில் 3 கிலோவுடன் முக்குளிப்பவருக்கு 3-இலிருந்து 0.7-ஐயும் 2.35-ஐயும் கழித்தால் பூச்சியம் வருகிறது. அவர் எஃகுத் தகட்டுடன் ஈயமே இல்லாமல் இறங்கலாம். கேட்க இன்பமாக இருந்தாலும், தேவைப்பட்டால் கழற்றிப் போட அவரிடம் எதுவும் இருக்காது. அவருக்கே இன்னொரு நாள் எஃகுச் சிலிண்டர் கொடுக்கப்பட்டால் நிலைமை மோசமாகும். அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது ஏறக்குறைய 2 கிலோ அளவுக்கு மேலே மிதக்கும். எஃகுச் சிலிண்டர் காலியான பிறகும் அப்படி மிதக்காது. ஆகவே அவர் குறைந்தது 2 கிலோ மிகைக் கனத்துடன், அதைக் குறைக்க வழியில்லாமல் நிற்பார்.

அலுமினியத் தகடு தரையில் சுமார் 0.9 கிலோ, நீருக்குள் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். 4 கிலோவுக்குக் குறைவான ஈயம் தேவைப்படுபவர்களும் அடிக்கடி விமானத்தில் செல்பவர்களும் அதை வாங்கலாம், மற்றவர்களுக்கு எஃகு.

விங்கின் தூக்குவிசை எவ்வளவு இருக்க வேண்டும்?

விங்குகளைப் பவுண்டு கணக்கில்தான் விற்கிறார்கள். 30 பவுண்டு என்றால் சுமார் 13.6 கிலோ. இரண்டு நிலைகளில் அது போதுமா என்று பார்க்க வேண்டும். முதல் நிலை, முக்குளிப்பின் தொடக்கத்தில் ஆழத்தில் இருப்பது: சிலிண்டரில் உள்ள காற்றின் எடை 2.6 கிலோ, அழுத்தத்தால் நசுங்கிய 3 மி.மீ. சூட் இழக்கும் மிதப்பு ஏறக்குறைய 2 கிலோ, ஆக 5 கிலோவுக்குள். இரண்டாவது நிலை, நீங்கள் கழற்றிவிட்ட கருவி நீர்மட்டத்தில் தனியாக மிதக்க வேண்டியிருப்பது: தகடு 2.35, மூச்சுக்குக் காற்றுத் தரும் ரெகுலேட்டர் சுமார் 1, நிறைந்த அலுமினிய சிலிண்டர் 0.7, கருவியிலேயே ஈயம் இருந்தால் 3 கிலோ, ஆக 7 கிலோ. அலையில் தலையை நிமிர்த்தி வைக்கவும் சிறிது மிகை வேண்டும் என்று சேர்த்தாலும் 30 பவுண்டு விங் தாராளம்.

பெரியதாக இருப்பது நல்லதுதானே என்று இரட்டைச் சிலிண்டருக்கான 50, 60 பவுண்டு விங்கை ஒற்றைச் சிலிண்டரில் மாட்டினால், அதன் இரு ஓரங்களும் சிலிண்டரைச் சுற்றி மேலே மடிந்து, காற்று வெளியேற முடியாத மூலைகளில் தங்கிவிடும். பிறகு என்னதான் வால்வை இழுத்தாலும் பை காலியாகாது. விங்கின் ஓரத்தில் ரப்பர்க் கயிறு கட்டியவற்றைத் தவிர்த்துவிடுவது என் வழக்கம். அக்கயிறுகள் பையைச் சுருக்கங்களாக இறுக்கி, காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்வதைத் தடுக்கின்றன. வடிவத்தில் முழு வளையமா, குதிரை லாடமா என்பது ஒற்றைச் சிலிண்டருக்குப் பெரிய வேறுபாடில்லை. வளையத்தில் காற்று அடிப்பக்கமாகவும் சுற்றி வரும் என்பதால் நான் அதை விரும்புகிறேன்.

ஹார்னஸை எப்படிப் பொருத்துவது?

பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் தோற்று, கருவி வசதியாக இல்லை என்று விற்றுவிடுகிறார்கள். முதல் பொருத்துதலுக்கு ஒரு மாலைப் பொழுதையும், நீருக்குள் இறங்கிய பின் இரண்டு மூன்று திருத்தங்களையும் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

கடலில் அணியும் அதே சூட்டை வீட்டிலேயே அணிந்துகொள்ளுங்கள். பனியனோடு அளந்த ஹார்னஸ் சூட்டோடு இறுகிவிடும். தகட்டின் மேல் விளிம்பு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, கையைப் பின்னால் வளைத்தால் விரல்நுனியால் தொடக்கூடிய உயரத்தில் நிற்க வேண்டும். தகடு தாழ்ந்து போனால் சிலிண்டரும் தாழும், வால்வு கைக்கு எட்டாது, கனமும் காலை நோக்கி இறங்கும். தோள் வார்களின் இறுக்கம் பற்றிப் பலரும் தவறாக எண்ணுகிறார்கள்: முதுகுப்பையைப் போல இறுக்க வேண்டியதில்லை. நிமிர்ந்து நிற்கும்போது வாருக்கும் மார்புக்கும் இடையே கை விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். நீருக்குள் கருவியை உடலோடு பிணைப்பவை இடுப்பு வாரும் கிராட்ச் ஸ்டிராப்பும்தான். தோள் வார் அது பக்கவாட்டில் நழுவாமல் வழிகாட்டுகிறது, அவ்வளவே. தளர்வாக இருந்தால்தான் கழற்றும்போது முழங்கையை முதலில் உருவி வெளியேற முடியும்.

தோளிலுள்ள டி-வளையங்கள் இரண்டும் கண்ணால் பார்க்காமலே கை போய்ச் சேரும் இடத்தில், பெரும்பாலும் அக்குள் மட்டத்துக்குச் சற்று மேலே வரும். இடப்பக்க இடுப்பு வளையம் இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். அழுத்தமானி தொங்குவது அதில்தான். இடுப்புப் பக்கிளை நடுவிலிருந்து கொஞ்சம் வலப்புறமாக வைத்தால் கிராட்ச் ஸ்டிராப்பின் கண்ணி அதன்மேல் ஏறி நழுவாது. கிராட்ச் ஸ்டிராப் நிற்கும்போது மென்மையாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். குனியும்போது அது உடலை அழுத்தி வெட்டினால் நீளம் போதவில்லை என்று பொருள்.

மிஞ்சிய வாரை உடனே வெட்டாதீர்கள். ஐந்தாறு முறை முக்குளித்து எல்லா அளவும் உறுதியான பிறகு வெட்டி, நுனியைத் தீயில் காட்டி உருக்கிவிடுங்கள். வெட்டியதை ஒட்டவைக்க முடியாமல் புதிய வார் வாங்கியவர்கள் பலர், அவர்களில் நானும் உண்டு.

ஒரே வார் என்பதால் அவசரத்தில் கழற்றுவது கடினமில்லையா? தோளில் கிளிப் வைத்தது வாங்கலாமா?

பக்கிளைத் திறந்தால் இடுப்பு வாரும் கிராட்ச் ஸ்டிராப்பும் ஒரே அசைவில் விடுபடுகின்றன. பிறகு இடக் கையை உருவ வேண்டும். சரியாகத் தளர்த்திய ஹார்னஸில் இது சில நொடி வேலை, இறுக்கிக் கட்டியதில் போராட்டம். தோள் மூட்டில் பழைய காயம் உள்ளவர்களுக்கும் கையைப் பின்னால் வளைக்க இயலாதவர்களுக்கும் கிளிப் உள்ள ஹார்னஸ் நியாயமான தேர்வு. பிளாஸ்டிக் கிளிப் உடையலாம் என்ற எதிர்வாதம் குகைக்குள் கனமானது. திறந்த கடலில், கூட்டாளியோடு, 18 மீட்டரில் அதற்கு அவ்வளவு கனம் இல்லை.

நீர்மட்டத்தில் முகம் குப்புறத் தள்ளுமா?

விங்கை முழுவதும் ஊதிவிட்டு நிமிர்ந்து நிற்க முயன்றால் தள்ளும். வாய் நீருக்கு மேலே இருக்கும் அளவுக்கு மட்டும் ஊதி, நாற்காலியில் சாய்வதுபோலப் பின்னால் சாய்ந்தால் அது ஒரு மெத்தையாகிவிடும். இரண்டு முறை செய்தால் பழகிவிடும்.

காற்றை வெளியேற்றும் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்குமா?

ஆம். ஜாக்கெட்டில் பலர் நிமிர்ந்து நின்று, பைக்குக் காற்றை ஏற்றி இறக்கும் இன்ஃப்ளேட்டரைத் தூக்கியே காற்றை விட்டுப் பழகியிருப்பார்கள். ஒற்றைச் சிலிண்டர் விங்குகளில் பெரும்பாலும் இரண்டு வழிகளே உண்டு: இடத் தோள் மேலே வரும் இன்ஃப்ளேட்டர் குழாய், இடப்புறம் கீழே பின்பக்கமுள்ள வால்வு. உடல் கிடைமட்டமாக இருக்கும்போது இடப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் பின் வால்வின் கயிற்றை இழுக்க வேண்டும்; காற்று எப்போதும் மிக உயரமான இடத்திற்கே போகும் என்பதை நினைவில் வைத்தால் எந்த வழி எப்போது என்பதும் விளங்கிவிடும். முதல் சில முறை அந்தக் கயிற்றைக் கை தேடித் தேடித் தடவும், எனவே ஆழமில்லாத இடத்தில் பழகுங்கள்.

மிஞ்சிய ஈயத்தை எங்கே வைப்பது?

மூன்று இடங்கள் உண்டு. இடுப்பு பெல்ட், ஹார்னஸ் வாரில் கோக்கும் பைகள், சிலிண்டரைப் பிடிக்கும் மேல் கேம் பேண்டிலுள்ள சிறு பைகள். கால் தொங்குபவர் ஒன்றிரண்டு கிலோவைக் கேம் பேண்டுக்கு மாற்றினால் உடனே வேறுபாடு தெரியும். ஆனால் அங்கே வைத்ததை அவசரத்தில் உதறிப் போட முடியாது என்பதால், குறைந்தது ஒரு பகுதியாவது கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பெல்ட் கட்டுபவர்கள் அதைக் கிராட்ச் ஸ்டிராப்புக்கு வெளியே கட்ட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட பெல்ட் பக்கிளைத் திறந்தாலும் விழாது.

சிலிண்டரைத் தகட்டில் எப்படிப் பிடிப்பது?

தகட்டின் நடுக்கோட்டிலுள்ள இரண்டு துளைகளுக்கிடையே 11 அங்குலம், அதாவது சுமார் 28 செ.மீ. என்ற இடைவெளி எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. ஒருவரின் தகட்டில் இன்னொருவரின் விங் பொருந்துவது இதனால்தான். ஒற்றைச் சிலிண்டருக்கு அத்துளைகளில் ஓர் அடாப்டரைத் திருகலாம், அல்லது கேம் பேண்டுகள் நேரடியாக நுழையும் பிளவுகள் உள்ள தகட்டையும் விங்கையும் வாங்கி அடாப்டரையே தவிர்க்கலாம். கேம் பேண்டு இரண்டு வேண்டும். ஒன்றில் சிலிண்டர் சுழலும். நைலான் பேண்டை நனைத்த பிறகே இறுக்குங்கள். உலர்ந்தபோது இறுக்கியது நீரில் நெகிழ்ந்துவிடும்.

நீண்ட ஹோஸும் (காற்றுக் குழாய்) கழுத்தில் கயிற்றால் தொங்கும் மாற்று ரெகுலேட்டரும் கட்டாயமா?

இல்லை. சுமார் 2 மீட்டர் நீளமுள்ள ஹோஸ், குறுகிய குகைப் பாதையில் இருவர் ஒருவர்பின் ஒருவராக வெளியேறுவதற்காக வந்தது. உங்கள் பழைய ரெகுலேட்டர் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு தொடங்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது தொல்லை தருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

டைவ் சென்டரிலும் படகிலும் ஏதேனும் சிக்கல் வருமா?

பெரிய சிக்கல் எதுவும் வராது, ஆனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியவை சில உண்டு. கூட்டாளிக்கு இந்தக் கருவி புதிதாக இருக்கலாம். இறங்குமுன் பக்கிள் எங்கே, ஈயம் எங்கே, எப்படிக் கழற்றுவது என்பதை அவர் கையாலேயே ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். சிறு ஃபைபர் படகுகளில் நீரிலேயே கருவியைக் கழற்றி மேலே கொடுக்கும் வழக்கம் உண்டு. அப்போது விங்கை ஊதி, பெல்ட்டை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு கருவியைக் கழற்றுங்கள். படகிலுள்ள அண்ணன்மார் பழக்கத்தில் இன்ஃப்ளேட்டர் குழாயைப் பிடித்துத் தூக்கப் பார்ப்பார்கள். தகட்டின் மேலே குறுக்கே ஓடும் வாரைக் காட்டி, இதைப் பிடியுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது விங்கின் ஆயுளுக்கு நல்லது.

விமானத்தில் கொண்டுபோக முடியுமா?

உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோ வரம்பு என்பதால் எஃகுத் தகடு அதில் ஆறில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஆனாலும் முழு அமைப்பும் தட்டையாகப் பெட்டியின் அடியில் படுத்துக்கொள்ளும். மெத்தை வைத்த ஜாக்கெட்டைப் போல இடத்தை அடைக்காது. ஈயத்தை எவரும் சுமந்து செல்வதில்லை, சென்டரிலேயே கிடைக்கும்.

பராமரிப்பு?

வெளியே நன்னீரில் அலசுவதோடு, இன்ஃப்ளேட்டர் வழியாக உள்ளேயும் நன்னீர் விட்டுக் குலுக்கி, கீழ் வால்வு வழியாக வடித்துவிட்டு, பாதி ஊதிய நிலையில் நிழலில் தொங்கவிடுங்கள். ஆண்டுக்கொரு முறை வார் தகட்டுத் துளைகளில் உராயும் இடங்களைப் பாருங்கள்.

பின்னாளில் இரட்டைச் சிலிண்டருக்குப் போனால் இது பயன்படுமா?

தகடும் ஹார்னஸும் அப்படியே பயன்படும். அந்த 11 அங்குலத் துளைகளிலேயே இரட்டைச் சிலிண்டரின் போல்ட்டுகளும் அமரும். விங்கை மட்டும் பெரியதாக மாற்ற வேண்டும். மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்கும் ஆசையில் பொழுதுபோக்கு வரம்பைத் தாண்டிய டெக்னிக்கல் பயிற்சிக்குப் போகிறவர்கள், ஒற்றைச் சிலிண்டரில் பழகிய அதே தகட்டை முதுகில் சுமந்துதான் அங்கே இறங்குகிறார்கள்.

யார் மாறத் தேவையில்லை?

ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் நான்கைந்து முறை மட்டும் முக்குளிப்பவர்கள். அந்தப் பணத்தில் முதலில் தமக்கு அளவான முகமூடியும் ஒரு டைவ் கம்ப்யூட்டரும் வாங்கிக்கொள்ளலாம். வாடகை ஜாக்கெட்டிலேயே அந்த 5 மீட்டர், 50 பார் சோதனையைச் செய்து தமக்குரிய ஈயத்தைக் கண்டுபிடித்துக் குறித்து வைத்துக்கொள்ளலாம். மாறும் நாள் வந்தால் கணக்குக்கு முதலில் வேண்டியதும் அந்த எண்தான்.